உபுண்டு, டெபியன் சர்வரில் அப்டேட் சிக்கிக்கொண்டால்: அறிகுறியிலிருந்து தீர்வு வரை

அப்டேட் பாதியில் நின்றுபோன சர்வரின் முன் உட்கார்ந்திருப்பவருக்காகவும், எல்லாம் சரியாக முடிந்தது என்று திரை சொல்லியும் மனம் ஒப்பாதவருக்காகவும் இதை எழுதுகிறேன். உபுண்டு, டெபியன் இரண்டுக்கும் பொருந்தும். கட்டளைகளை வாயால் சொல்லும் ஒலியிலேயே தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ரூட் உரிமை வேண்டிய கட்டளைகளுக்கு முன்னால் ‘சூடோ’ சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கில் புதிய கோப்பு இறங்கிவிட்டால் அப்டேட் முடிந்துவிட்டது என்றே பலரும் நினைக்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் புதியதாக மாறும்போதுதான் அது முடிகிறது. கீழே வரும் அறிகுறிகளில் முதல் பாதி டிஸ்கில் இறங்காமல் நிற்பவை. இறங்கிய பிறகும் பழையதே ஓடுவது பின்பாதி. முதல் வகை கத்திக் கூப்பிடும்; இரண்டாவது வகை சத்தமே போடாது. அதனால் இரண்டாவதுதான் ஆபத்து.

கை வைப்பதற்கு முன் இரண்டு வேலைகள். ஒன்று, ஸ்நாப்ஷாட் அல்லது பேக்கப். விர்ச்சுவல் சர்வர் என்றால் வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் பேனலிலேயே எடுக்கலாம். இரண்டு, ‘டிமக்ஸ்’ அல்லது ‘ஸ்க்ரீன்’ உள்ளே நுழைந்து வேலையைத் தொடங்குங்கள். எஸ்எஸ்எச் இணைப்பு நடுவில் அறுந்தாலும் வேலை அறுபடாது. கீழே சொல்லப்போகும் குழப்பங்களில் சில இணைப்பு அறுந்ததால் வருபவை.

‘குட் நாட் கெட் லாக்’ என்று மறுக்கிறது

வேறொரு நிரல் இப்போது பேக்கேஜ்களை மாற்றிக்கொண்டிருக்கிறது, அதுவரை பூட்டு (lock) போட்டு வைத்திருக்கிறது என்று பொருள். பிழைச் செய்தியின் கடைசியிலேயே எந்த பிராசஸ் என்று எண்ணும் பெயரும் இருக்கும். பெரும்பாலும் அது ‘அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ்’. தானாக நடக்கும் பாதுகாப்பு அப்டேட். சர்வரை ரீபூட் செய்தவுடன் உள்ளே நுழைந்தால் இது அடிக்கடி எதிர்ப்படும்.

காத்திருங்கள், அதுவே தீர்வு. ‘பிஎஸ் ஆக்ஸ்’ போட்டு அந்த எண் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ‘/வார்/லாக்/அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ்’ கோப்புறையில் இருக்கும் பதிவுக் கோப்பில் (log) புதிய வரிகள் சேர்கின்றனவா என்று பாருங்கள். இணையத்தில் பல இடங்களில் பூட்டுக் கோப்பை (lock) ‘ஆர்எம்’ போட்டு அழிக்கச் சொல்வார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். ஒரே கணக்கு நோட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் பேக்கேஜ் தரவுத்தளத்துக்கும் ஆகும். அந்த பிராசஸ் உண்மையிலேயே செத்துப்போயிருந்தால் பூட்டு தானாகவே விடுபட்டுவிடும். கோப்பு அங்கே இருப்பது பூட்டியிருப்பதற்கு அடையாளம் அல்ல.

ஸ்கிரிப்டுக்குள் ‘ஆப்ட்-கெட்’ (பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் ஆப்ட் கருவியின் கட்டளை) ஓட்டுபவர்கள் ‘-ஓ டிபிகேஜி::லாக்::டைம்அவுட்=300’ என்று சேர்த்துவிட்டால் ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்க்கும்.

‘404 நாட் ஃபவுண்ட்’ அல்லது ‘ரிலீஸ் ஃபைல் இல்லை’

முதலில் ‘ஆப்ட் அப்டேட்’ போட்டீர்களா? பட்டியல் பழையதாக இருந்தால், நீக்கப்பட்ட பழைய பதிப்பைத் தேடிப் போய் 404 வாங்கும். அப்டேட் போட்ட பிறகும் வந்தால், உங்கள் இயங்குதளத்தின் ஆயுள் முடிந்திருக்கலாம்.

உபுண்டுவில் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுள்ளவை) அல்லாத பதிப்புகளுக்கு ஒன்பது மாதம்தான் ஆயுள். அதன்பின் அவை பழைய பதிப்புகளுக்கான ‘ஓல்ட்-ரிலீசஸ்’ சர்வருக்குப் போய்விடும். டெபியன் 10-க்கு நீண்டகால ஆதரவும் 2024 ஜூன் 30-இல் முடிந்தது. அதன் பேக்கேஜ்கள் இப்போது ஆர்க்கைவில். முகவரியை அங்கே மாற்றினால் 404 போகும், ஆனால் புதிய பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது. மேலேறுவதற்கு முன் இருப்பதைச் சரிசெய்துகொள்ள மட்டுமே அந்த முகவரியைப் பயன்படுத்துங்கள். டெபியனில் படி தாண்டக் கூடாது: 10-இலிருந்து 11, பிறகு 12, பிறகு 13.

10-இலிருந்து 11-க்கு ஏறும்போது ஒரு பொறி இருக்கிறது. ரெப்போ (பேக்கேஜ்கள் வரும் களஞ்சியம்) பட்டியலில் ‘பஸ்டர்’ என்ற டெபியன் 10-இன் பெயரை எல்லா இடத்திலும் 11-இன் பெயரான ‘புல்ஸ்ஐ’ என்று மாற்றினால், பாதுகாப்பு வரி மட்டும் 404 தரும். 11-இலிருந்து அந்த வரியின் வடிவமே மாறிவிட்டது. முன்பு ‘பஸ்டர்/அப்டேட்ஸ்’, இப்போது ‘புல்ஸ்ஐ-செக்யூரிட்டி’. வரியே பிழை தருகிறது என்று அதைக் கமெண்ட் செய்துவிட்டுப் போனால், பாதுகாப்பு அப்டேட் இல்லாத சர்வரை நீங்களே உருவாக்கியதாகிவிடும்.

உபுண்டு 20.04 இதைவிட மோசம், ஏனென்றால் அது பிழையே தராது. அதன் வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தில் முடிந்தது. ரெப்போ அதே இடத்தில்தான் இருக்கிறது. ‘ஆப்ட் அப்டேட்’ புன்னகையோடு ஓடும். புதிதாக எதுவும் இல்லை என்று சொல்லும். ‘ப்ரோ செக்யூரிட்டி-ஸ்டேட்டஸ்’ போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். உடனே மேலேற முடியாதவர்கள் உபுண்டு ப்ரோவில் சேர்ந்தால் மேலும் ஐந்து ஆண்டு திருத்தங்கள் வரும். தனிநபர்களுக்கு ஐந்து இயந்திரம் வரை இலவசம்.

உபுண்டு 24.04-இல் ‘/இடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட்’ காலியாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். உள்ளடக்கம் ‘சோர்சஸ்.லிஸ்ட்.டி’ கோப்புறையில் ‘உபுண்டு.சோர்சஸ்’ என்ற கோப்புக்கு இடம் மாறியிருக்கிறது.

‘நோ பப்கீ’, ‘இஎக்ஸ்பி கீ சிக்’

வெளி ரெப்போ ஒன்றின் கையெழுத்துச் சாவி இல்லை, அல்லது காலாவதியாகிவிட்டது. அந்த மென்பொருளைத் தருபவரின் அதிகாரப்பூர்வப் பக்கத்திலிருந்து புதிய சாவியை எடுத்து ‘/இடிசி/ஆப்ட்/கீரிங்ஸ்’ கோப்புறையில் வைத்து, அந்த ரெப்போவின் வரியில் மட்டும் ‘சைன்ட்-பை’ என்று அதைச் சுட்டுங்கள். பழைய ‘ஆப்ட்-கீ ஆட்’ வழியைத் தொடாதீர்கள். அது ஒரு ரெப்போவின் சாவியை எல்லா ரெப்போக்களுக்கும் செல்லுபடியாக்கிவிடும். சரிபார்ப்பையே அணைக்கும் ‘ட்ரஸ்டட்=யெஸ்’ எந்த நிலையிலும் வேண்டாம்.

‘ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் எட்’

சர்வரின் கடிகாரம் பின்னால் ஓடுகிறது. ‘டைம்டேட்சிடிஎல்’ போட்டுப் பாருங்கள். ‘சிஸ்டம் கிளாக் சிங்க்ரனைஸ்ட்: நோ’ என்று இருந்தால் ‘குரோனி’யையோ ‘சிஸ்டம்டி-டைம்சிங்க்டி’யையோ ஓடவிடுங்கள். நிறுத்தி வைத்திருந்து மீண்டும் எழுப்பிய விர்ச்சுவல் இயந்திரங்களில் இது வழக்கம்.

‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’

‘டிஎஃப் -எச்’ போடுங்கள். மூன்று விதமான விடை வரும்.

‘/’ நிறைந்திருந்தால் ‘ஆப்ட் கிளீன்’ முதலில்; பிறகு ‘ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்’. டாக்கர் இருக்கும் சர்வரில் பெரும்பாலும் பழைய இமேஜ்களே இடத்தைத் தின்றிருக்கும்.

இடம் நிறைய இருக்கிறது, ஆனாலும் பிழை வருகிறதா? ‘டிஎஃப் -ஐ’ போடுங்கள். ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று செலவாகும் பதிவு இடம்) நூறு சதவீதம் என்று காட்டும். எங்கோ ஒரு கோப்புறையில் சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் குவிந்திருக்கின்றன. பிஎச்பி செஷன் கோப்புறை, மெயில் வரிசை, கேஷ் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

‘/பூட்’ நிறைந்திருந்தால் கவனம் தேவை. ஒவ்வொரு கர்னல் அப்டேட்டும் பழையதை விட்டுவிட்டுப் புதியதைச் சேர்க்கும். பூட் ஆகும்போது கர்னலுக்குத் துணையாக ஏறும் ‘இனிட்ஆர்டி’ கோப்புதான் அதில் பெரும்பங்கு. தனி பார்ட்டிஷனாகச் சிறிய ‘/பூட்’ வைத்த சர்வர்களில் சில கர்னலிலேயே இடம் தீர்ந்துவிடும்.

முதலில் ‘யூநேம் -ஆர்’. இப்போது ஓடும் கர்னல் எது என்பதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொடவே கூடாது. பிறகு ‘ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்’. அது போதுமானதாக இருந்தால் நல்லது. பாதியில் நின்ற நிறுவலால் ஆப்ட் அதையும் மறுத்தால், ஆப்ட்டின் அடியில் வேலை செய்யும் டிபிகேஜியின் ‘டிபிகேஜி -எல்’ பட்டியலில் ‘லினக்ஸ்-இமேஜ்’ என்று தொடங்குபவற்றைப் பார்த்து, மிகப் பழைய ஒன்றை மட்டும் ‘டிபிகேஜி --பர்ஜ்’ செய்யுங்கள். அதே எண்ணுள்ள ‘லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா’ இருந்தால் இரண்டையும் ஒரே கட்டளையில் சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் சார்பு காரணம் காட்டி மறுக்கும். இடம் கிடைத்ததும் ‘ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’.

அந்தப் பாதி நிலையில் ரீபூட் செய்துவிடாதீர்கள். புதிய கர்னலுக்கு இனிட்ஆர்டி உருவாகாமல் நின்றிருந்து, எந்தக் கர்னலை ஏற்றுவது என்று தேர்வு செய்யும் கிரப் அதையே முதல் தேர்வாக வைத்திருந்தால், சர்வர் எழாது.

‘டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்’

‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’, பிறகு ‘ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’. பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். ஒரே பேக்கேஜில் திரும்பத் திரும்ப நின்றால் சிக்கல் டிபிகேஜியில் இல்லை. அந்த பேக்கேஜின் சேவை எழ முடியாமல் தவிக்கிறது. ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ பாருங்கள், ‘ஜர்னல்சிடிஎல் -எக்ஸ்இ’ பாருங்கள். என்ஜின்எக்ஸ் (nginx) வெப் சர்வரின் கான்ஃபிக்கில் ஒரு எழுத்துப் பிழை, 80-ஆம் போர்ட்டை வேறொரு சேவை பிடித்திருப்பது போன்றவைதான் வழக்கமான காரணங்கள். அதைச் சரிசெய்துவிட்டு மீண்டும் கான்ஃபிகர் செய்யுங்கள்.

சில பேக்கேஜ்கள் ‘கெப்ட் பேக்’ என்று நிற்கின்றன

இதில் பாதி நேரம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. உபுண்டு சில அப்டேட்களை எல்லோருக்கும் ஒரே நாளில் தராமல் கட்டம் கட்டமாகத் திறந்துவிடுகிறது. உங்கள் முறை வரும்வரை காத்திருந்தால் போதும். பாதுகாப்புத் திருத்தங்கள் இப்படி நிறுத்தி வைக்கப்படுவதில்லை.

மற்ற காரணங்கள் இரண்டு. புதிய பதிப்புக்காக ஏதாவது பேக்கேஜை நீக்க வேண்டியிருந்தால் ‘அப்கிரேட்’ செய்யாது, ‘ஃபுல்-அப்கிரேட்’ செய்யும். எதையெல்லாம் நீக்கப்போகிறது என்ற பட்டியலை வரி விடாமல் படித்த பிறகே ‘ஒய்’ அழுத்துங்கள். அல்லது யாரோ முன்பு ஹோல்டு (இந்த பேக்கேஜை மாற்றாதே என்ற நிறுத்தம்) போட்டிருக்கலாம். ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு’ காட்டிக்கொடுக்கும். ஹோல்டை எடுப்பதற்கு முன் ஏன் போட்டார்கள் என்று விசாரியுங்கள். தரவுத்தள சர்வர் பேக்கேஜ் அந்தப் பட்டியலில் இருந்தால் பெரும்பாலும் காரணத்தோடுதான் இருக்கும்.

நடுவில் நின்று ‘கான்ஃபிக் கோப்பை மாற்றவா?’ என்று கேட்கிறது

நீங்கள் கையால் திருத்திய கோப்புக்குப் புதிய வடிவம் வந்திருக்கிறது. ‘டி’ (D) அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். குழப்பமாக இருந்தால் ‘என்’. உங்களுடையது அப்படியே இருக்கும், புதியது ‘.டிபிகேஜி-டிஸ்ட்’ என்ற வாலோடு பக்கத்தில் வந்து உட்காரும். எஸ்எஸ்எச் கான்ஃபிக்குக்கு ‘ஒய்’ கொடுத்தால் நீங்கள் மாற்றி வைத்த போர்ட், பயனர் கட்டுப்பாடு எல்லாம் போய்விடும். எதைத் தேர்ந்தாலும் ‘எஸ்எஸ்எச்டி -டி’ (sshd -t) போட்டுக் கோப்பு சரியா என்று பார்த்து, ஏற்கெனவே இருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பாருங்கள்.

எல்லாம் புதியது, ஆனால் ஓடுவது பழையது

இந்த அறிகுறியைத் தேடிப் போனால்தான் கிடைக்கும். ஒரு லைப்ரரி மாறினால், ஏற்கெனவே அதை மெமரியில் ஏற்றிக்கொண்ட சேவை பழைய பிரதியையே பிடித்துக்கொண்டு ஓடும். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, பேக்கேஜை மாற்றியதோடு நின்றுவிட்டால் பயனில்லை. வெப் சர்வரையும் மெயில் சர்வரையும் மீண்டும் தொடங்கும்வரை ஓட்டை திறந்தே கிடந்தது. திரையில் பதிப்பு எண் மட்டும் புதியதாகத் தெரிந்தது.

‘நீட்ரீஸ்டார்ட்’ இதற்கென்றே உள்ள கருவி. உபுண்டு 22.04 சர்வரில் இயல்பாகவே இருக்கிறது, டெபியனில் நிறுவிக்கொள்ளலாம். ‘நீட்ரீஸ்டார்ட் -ஆர் எல்’ என்றால் எதையும் தொடாமல் பட்டியலை மட்டும் காட்டும். கர்னலுக்கு ‘யூநேம் -ஆர்’ காட்டுவதையும் ‘/பூட்’டில் இருக்கும் புதிய கர்னலையும் ஒப்பிடுங்கள். உபுண்டுவில் ‘/வார்/ரன்/ரீபூட்-ரிக்வயர்ட்’ என்ற கோப்பு இருந்தால் ரீபூட் பாக்கி இருக்கிறது. பெயரின் கடைசியில் ‘.பிகேஜிஎஸ்’ உள்ள கோப்பு, எந்த பேக்கேஜால் என்று சொல்லும்.

ஒரு வருடமாக ரீபூட்டே செய்யாத சர்வரைப் பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் ரீபூட் இல்லாமலே ஓடும் கர்னலைத் திருத்தும் லைவ்பேட்ச் போன்ற ஏற்பாடு இல்லையென்றால், அந்த ஒரு வருடத்தின் கர்னல் திருத்தம் ஒன்றுகூட அங்கே ஓடவில்லை என்பதே அதன் பொருள். மாதத்துக்கு ஒரு ரீபூட் நேரத்தை முன்கூட்டியே அறிவித்து வையுங்கள்.

ரிலீஸ் அப்கிரேடுக்குப் பிறகு தளம் 502 தருகிறது

என்ஜின்எக்ஸின் பிழைப் பதிவுக் கோப்பைத் (error log) திறங்கள். ‘/ரன்/பிஎச்பி/பிஎச்பி8.1-எஃப்பிஎம்.சாக்’ இல்லை என்று எழுதியிருக்கும். உபுண்டு 22.04-இல் பிஎச்பி 8.1, 24.04-இல் 8.3. வெப் சர்வர் பிஎச்பியோடு பேசும் வாசலான சாக்கெட்டின் பெயரிலேயே பதிப்பு எண் இருப்பதால் பழைய கான்ஃபிக் இல்லாத கதவைத் தட்டுகிறது. தளத்தின் கான்ஃபிக்கில் எண்ணை மாற்றி, ‘என்ஜின்எக்ஸ் -டி’ (nginx -t) போட்டுச் சோதித்து ரீலோடு செய்யுங்கள். பிறகும் வெள்ளைத் திரை வந்தால், 8.3-க்கான மைசீக்குவல், எம்பிஸ்ட்ரிங் நீட்சிகள் நிறுவப்படவில்லை என்று பொருள்.

போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி: 24.04-இல் ஏறியதும் பதிப்பு 16 வந்திருக்கும், ஆனால் தரவு 14-இல்தான் இருக்கும். ‘பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்’ போட்டால் 14 பழைய 5432 போர்ட்டிலும் காலியான 16 பக்கத்து 5433-இலும் நிற்பது தெரியும். தரவு தொலைந்துவிடவில்லை. பேக்கப் எடுத்து, 16 உண்மையிலேயே காலிதான் என்று உறுதி செய்துகொண்டு, அதை ‘பிஜி_டிராப்கிளஸ்டர் --ஸ்டாப் 16 மெயின்’ என்று நீக்கி, ‘பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் 14 மெயின்’ கொடுங்கள். பழைய கிளஸ்டரைச் சில நாள் வைத்திருந்து பிறகு நீக்கினால் போதும்.

ரீபூட்டுக்குப் பிறகு சர்வர் எழவே இல்லை

சேவை நிறுவனத்தின் கன்சோலைத் திறங்கள். ‘அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்’ என்ற கர்னல் பேனிக் தெரிந்தால், இனிட்ஆர்டி இல்லாத கர்னல் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். பூட் ஆகும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் பிடித்து கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ போய்ப் பழைய கர்னலில் ஏறுங்கள். உள்ளே வந்ததும் ‘/பூட்’டில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே’ என்று புதிய கர்னலின் எண்ணோடு கொடுத்து, ‘அப்டேட்-கிரப்’. பழைய கர்னல் ஒன்றையாவது எப்போதும் விட்டுவைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அப்டேட் செய்தும் ஸ்கேனர் ‘ஓட்டை இருக்கிறது’ என்கிறது

பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனரின் தணிக்கை அறிக்கையில் சிவப்பாக ஒரு வரி: ஓப்பன்எஸ்எஸ்எச் பழைய பதிப்பு, சிவிஇ-2024-6387 (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண்). 2024 ஜூலை 1-இல் வெளியான இந்த ஓட்டை, மூலப் பதிப்புகளில் 8.5பி1 முதல் 9.7பி1 வரை இருந்தது. உங்கள் டெபியன் 12 காட்டுவதோ 9.2பி1. ஸ்கேனர் அந்த எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

டெபியனும் உபுண்டுவும் பதிப்பை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவந்து சேர்க்கின்றன. அதனால் எண்ணின் வாலைப் பார்க்க வேண்டும்: டெபியன் 12-இல் ‘9.2பி1-2+டெப்12யு3’ அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ஓட்டை அடைபட்டது. ‘ஆப்ட் சேஞ்ச்லாக் ஓப்பன்எஸ்எஸ்எச்-சர்வர்’ போட்டு அந்த சிவிஇ எண்ணைத் தேடி, அந்த வரியையே தணிக்கையாளருக்குப் பதிலாக அனுப்புங்கள். அதோடு எஸ்எஸ்எச் சேவை மீண்டும் தொடங்கப்பட்டதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஸ்கேனரைத் திருப்திப்படுத்த, இன்னும் சோதனையில் இருக்கும் டெஸ்டிங் ரெப்போவிலிருந்து புதிய பதிப்பை இழுத்துப் போடுவது தவறான வழி. 2024 மார்ச் 29-இல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு வைத்த பின்கதவு அம்பலமானது. டெபியனின் டெஸ்டிங்கிலும் அன்ஸ்டேபிளிலும் அது நுழைந்திருந்தது. ஸ்டேபிள் பயனர்களிடம் போய்ச் சேரவில்லை.

ஆப்ட் ‘எல்லாம் புதியது’ என்கிறது, ஸ்கேனர் சொல்வதும் உண்மை

அப்படியும் நடக்கும். ஆப்ட் தான் நிறுவியதை மட்டுமே அறியும். டாக்கர் கண்டெய்னருக்குள் இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல், ‘பிப்’பும் ‘என்பிஎம்’மும் கொண்டுவந்தவை, ‘/ஆப்ட்’ (/opt) கோப்புறையில் கையால் அவிழ்த்த மென்பொருள், ஜாவா செயலியின் உள்ளே பொதிந்த ஜார் கோப்பு ஆகியவை அதன் கண்ணில் படாது. 2017-இல் ஈக்விஃபேக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனத்திலிருந்து ஏறக்குறைய 14.7 கோடிப் பேரின் தகவல் திருடப்பட்டது இப்படிப்பட்ட ஒன்றின் வழியாகத்தான். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா கட்டமைப்பின் ஓட்டைக்கு மார்ச் மாதமே திருத்தம் வந்துவிட்டது. அவர்கள் ஓட்டிய ஸ்கேன், ஓட்டை இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவில்லை. மே மாதம் திருடர்கள் உள்ளே இருந்தார்கள்.

எனவே ஒரு பட்டியல் போடுங்கள்: இந்த சர்வரில் ஆப்ட் வழியாக வராதவை எவை, ஒவ்வொன்றுக்கும் திருத்தம் வந்தால் யாருக்கு எப்படித் தெரியும். டாக்கருக்கு ‘டாக்கர் கம்போஸ் புல்’ மட்டும் போதாது. இமேஜ் இறங்கினாலும் பழைய கண்டெய்னர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ‘அப் -டி’ (up -d) கொடுத்தால்தான் மறுபடி உருவாகும். நீங்களே கட்டிய இமேஜ் என்றால் ‘பில்ட் --புல் --நோ-கேஷ்’.

தானியங்கி அப்டேட் போட்டிருந்தும் எதுவும் மாறவில்லை

‘அனட்டெண்டட்-அப்கிரேட் --ட்ரை-ரன் --டீபக்’ ஓட்டுங்கள். எந்தெந்த ரெப்போவை அனுமதிக்கிறது என்று முதல் சில வரிகளிலேயே தெரியும். இயல்பாக உபுண்டு அல்லது டெபியனின் சொந்த ரெப்போக்கள்தான், அதிலும் முக்கியமாகப் பாதுகாப்புத் திருத்தங்கள். நீங்கள் சேர்த்த வெளி ரெப்போக்கள் வராது. அவற்றை ‘/இடிசி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி/50அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ்’ கோப்பில் தனியாகச் சேர்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் ‘20ஆட்டோ-அப்கிரேட்ஸ்’ கோப்பில் இரண்டு வரியும் ‘1’ என்று இருக்கிறதா, ‘சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்’ பட்டியலில் ‘ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்’ தெரிகிறதா என்று பாருங்கள்.

அதே 50-ஆம் கோப்பில் ‘ஆட்டோமேட்டிக்-ரீபூட்’ இயல்பாக ‘ஃபால்ஸ்’ என்றுதான் இருக்கும். கர்னல் இறங்கிக்கொண்டே இருக்கும், ஏறாது. ரீபூட் தாங்கக்கூடிய சர்வர் என்றால் அதை ‘ட்ரூ’ ஆக்கி, ‘ஆட்டோமேட்டிக்-ரீபூட்-டைம்’ வரியில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தைக் கொடுங்கள். சர்வரின் கடிகாரம் யுடிசியில் ஓடினால் ‘02:00’ என்பது நம் ஊரில் காலை ஏழரை மணி. அதைக் கணக்கிட்டு எழுதுங்கள்.